வாசகர் கேள்வி: முதல் லாட் ஓடியது, இரண்டாவது லாட் ஏன் தடுமாறுகிறது?

கோவையில் சிறிய மின்னணு வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றும் வன்பொருள் பொறியாளர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் வடிவமைத்தது 12 லேயர் கொண்ட, 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தாய்ப்பலகை. அதில் ஒரு செயலியிலிருந்து விரிவாக்க ஸ்லாட் வரை எட்டுத் தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்பு செல்கிறது. டிரேஸின் (சிக்னலைக் கொண்டுசெல்லும் செப்புக் கோட்டின்) நீளம் ஏறத்தாழ 10 இன்ச், அகலம் 5 மில் (மில் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே பலகையில் டிடிஆர்4 நினைவகமும், 10 ஜிகாபிட் ஒளியிழை இணைப்பு இரண்டும் இருக்கின்றன. முதல் லாட்டில் வந்த பத்துப் பலகைகளும் முழு வேகமான 16 ஜிகாபிட்டில் ஓடின. அதே கெர்பர் கோப்புகளை (பலகை தயாரிப்புக்கான வரைபடக் கோப்புகளை) கொடுத்து அதே தயாரிப்பாளரிடம் செய்த இரண்டாவது லாட்டின் நாற்பது பலகைகளில் பாதிக்கு மேல் 8 ஜிகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. சில பலகைகள் காலையில் சரியாக ஓடிவிட்டு, பெட்டி சூடேறிய பிறகு இறங்குகின்றன. பலகையை எந்தக் கண்ணாடியிழைப் பொருளில் செய்ய வேண்டும் என்று வரைபடத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பு இதுதான்: “எஃப்ஆர்-4, டிஜி 170 அல்லது அதற்கு இணையானது.”

அவருடைய கேள்விகள் மூன்று. மேலாளர் சொல்வதுபோல் பலகை முழுவதையும் ரோஜர்ஸ் நிறுவனத்தின் இழப்புக் குறைந்த பொருளுக்கு மாற்றிவிடலாமா? அப்படிச் செய்தால் விலை நான்கு மடங்கைத் தாண்டுகிறது. தயாரிப்பாளர் பொருளை மாற்றி ஏமாற்றிவிட்டாரா, அப்படியானால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? இந்தத் தவறு தன்னுடையதுதானா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் அளவீடுகளை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறீர்கள். பலர் “சில போர்டுகள் வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில், எத்தனை பலகைகளில் என்று குறித்திருப்பதால் என்னால் உறுதியாகப் பேச முடிகிறது. முதலில் உங்கள் சிந்தனையில் இருக்கும் சில அனுமானங்களைச் சரிசெய்துகொள்வோம். அவை சரியானால் முதல் கேள்விக்கான விடை கணக்கிலிருந்தே வந்துவிடும்.

“16 ஜிகாபிட் என்றால் 16 ஜிகாஹெர்ட்ஸ், அதை எஃப்ஆர்-4 தாங்காது” என்று எழுதியிருக்கிறீர்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இல் ஒன்றும் சுழியமும் மாறி மாறி வரும் மிக வேகமான வரிசையில்கூட ஒரு முழு அலைக்கு இரண்டு பிட்டுகள் வேண்டும். ஆகவே நாம் சிக்னலின் இழப்பைக் கணக்கிட வேண்டிய அதிர்வெண் 8 ஜிகாஹெர்ட்ஸ். அதேபோல், “டிஜி 170 என்பதால் இது உயர்தரப் பொருள், சிக்னலுக்கும் நல்லது” என்பதும் சரியன்று. டிஜி என்பது பிசின் கண்ணாடி நிலையிலிருந்து இளகத் தொடங்கும் வெப்பநிலை. ஈயமில்லாப் பற்றவைப்பில் பலகை 245 முதல் 260 டிகிரி வரை சூடேறும்போது அது தடிமன் வாக்கில் விரிந்து வயாவின் (லேயர்களை இணைக்கும் துளையின்) செப்புச் சுவரை இழுத்துக் கிழித்துவிடாமல் இருக்கவே உயர்ந்த டிஜி தேவைப்படுகிறது. 12 லேயர் பலகைக்கு அது அவசியம்தான். ஆனால் அந்த எண் சிக்னல் இழப்பைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. டிஜி 180 உள்ள, நம்பகத்தன்மைக்குப் பெயர்பெற்ற ஐசோலா 370எச்ஆர் போன்ற பொருளின் இழப்புக் காரணியும் (சிக்னலின் ஆற்றலைப் பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 0.02 அளவில்தான் இருக்கிறது. சாதாரண எஃப்ஆர்-4 இன் காரணியும் ஏறத்தாழ அதுவே.

மூன்றாவது அனுமானம்தான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறது. “இரண்டு லாட்டுக்கும் இம்பிடன்ஸ் அறிக்கை 85 ஓம் என்றே வந்தது, ஆகவே பொருள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்” என்று நினைத்திருக்கிறீர்கள். இம்பிடன்ஸ், அதாவது ஓடும் சிக்னலுக்கு டிரேஸ் காட்டும் மின்தடுப்பு, டிரேஸின் அகலம், அடுக்கின் தடிமன், டிகே எனப்படும் மின்காப்பு மாறிலி ஆகியவற்றால் அமைவது. பொருள் மாறி டிகே சற்று மாறினால், தயாரிப்பாளர் டிரேஸ் அகலத்தை இம்மியளவு திருத்தி அதே 85 ஓமைக் கொண்டுவந்துவிடுவார். அது அவருடைய அன்றாட வேலை, அதில் தவறும் இல்லை. ஆனால் டிஎஃப் எனப்படும் இழப்புக் காரணி இரண்டு மடங்கானாலும் அந்த அறிக்கையில் அது தெரியாது. குழாயின் விட்டத்தை அளந்துவிட்டு, வழியில் எவ்வளவு நீர் கசிகிறது என்று சொல்ல முடியாது அல்லவா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இல் ஒரு சில்லிலிருந்து (சிப்) மறு சில்லு வரை அனுமதிக்கப்படும் மொத்த இழப்பு 8 ஜிகாஹெர்ட்ஸில் 28 டெசிபல். இதில் செருகு அட்டைக்கு 8 டெசிபலும், ஸ்லாட் இணைப்பிக்கு ஒன்றரையும், செயலியின் உறைக்கு ஐந்தும் போனால், உங்கள் தாய்ப்பலகைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13.5 டெசிபல். செயலி நிறுவனத்தின் வடிவமைப்பு வழிகாட்டியில் உள்ள துல்லியமான எண்ணை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

பிசினாலும் கண்ணாடியிழையாலும் ஏற்படும் இழப்புக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு இன்ச்சுக்கு எத்தனை டெசிபல் என்றால், 2.3 ஐ ஜிகாஹெர்ட்ஸாலும், டிஎஃப்பாலும், டிகேயின் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். டிஎஃப் 0.02, டிகே 4.2 உள்ள சாதாரண எஃப்ஆர்-4 இல் 8 ஜிகாஹெர்ட்ஸில் இது இன்ச்சுக்கு 0.75 டெசிபல். இதோடு செப்பின் இழப்பைச் சேர்க்க வேண்டும். 5 மில் டிரேஸுக்கு, செப்பு வழவழப்பாக இருந்தால் 0.4, சாதாரண ஃபாயிலின் சொரசொரப்பைச் சேர்த்தால் 0.55 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக இன்ச்சுக்கு 1.3 டெசிபல், 10 இன்ச்சுக்கு 13. இரண்டு வயாக்களுக்கு ஒரு டெசிபல் சேர்த்தால் 14. உங்கள் எல்லையான 13.5 ஐ அது தாண்டிவிட்டது. எஃப்ஆர்-4 இன் இழப்பு வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் கூடுவதால், காலையில் ஓடிய பலகை பெட்டி சூடேறியதும் கீழிறங்குவதற்கு வேறு மர்மம் எதையும் தேட வேண்டியதில்லை. முதல் லாட்டில் தயாரிப்பாளர் சற்றே இழப்புக் குறைந்த லேமினேட்டை (பலகையின் அடிப்படைப் பொருளை) போட்டிருக்கக்கூடும். அப்படியிருந்தால் நீங்கள் எல்லைக்கு உள்ளே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றிருக்கிறீர்கள்; இரண்டாவது லாட்டில் அதே அளவு வெளியே போய்விட்டீர்கள்.

இப்போது பொருளை மாற்றிப் பாருங்கள். டிகே 3.7, டிஎஃப் 0.009 உள்ள நடுத்தர இழப்புப் பொருளில், உதாரணமாக ஐசோலா எஃப்ஆர்408எச்ஆர் வகையில், பிசின் இழப்பு இன்ச்சுக்கு 0.32 ஆகக் குறைகிறது. சொரசொரப்புக் குறைந்த ஃபாயிலோடு செப்பு இழப்பு 0.5 என்றால், 10 இன்ச்சும் வயாவும் சேர்ந்து 9.2 டெசிபல்தான். உங்கள் கையில் நான்கு டெசிபல் மிச்சம் நிற்கிறது. அடுத்த படியான பானசோனிக் மெக்ட்ரான் 6 க்குப் போனால் டிஎஃப் 0.004 அளவில் இருக்கும். மொத்த இழப்பு 7 டெசிபலுக்கு வரும். ரோஜர்ஸ் ஆர்ஓ4350பி இன் டிஎஃப் 10 ஜிகாஹெர்ட்ஸில் 0.0037, அதாவது மெக்ட்ரானுக்கும் அதற்கும் இந்தக் கணக்கில் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம்.

முதல் படி ஏறியதில் ஏறத்தாழ ஐந்து டெசிபல் கிடைத்தது. இரண்டாவது படியில் இரண்டரைக்குள்தான் கிடைக்கிறது, ஏனெனில் அந்த இடத்துக்கு வந்தபின் இழப்பில் பெரும்பங்கு செப்பினுடையது. பிசினை எவ்வளவு உயர்த்தினாலும் செப்பு அப்படியே நிற்கும். உங்கள் பலகைக்கு நான் பரிந்துரைப்பது நடுத்தர இழப்புப் பொருள்தான். நாளை பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 க்குப் போக வேண்டுமென்றால் அதிர்வெண் 16 ஜிகாஹெர்ட்ஸ் ஆகும், அனுமதிக்கப்படும் மொத்த இழப்பு 36 டெசிபல் ஆகும்; அப்போது மெக்ட்ரான் 6 வரிசையைப் பற்றி யோசிக்கலாம்.

ரோஜர்ஸ் பற்றி

அது டெஃப்லான் என்று உங்கள் மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்ஓ4350பி டெஃப்லான் அன்று. செராமிக் துகள் கலந்த ஹைட்ரோகார்பன் பிசினைக் கண்ணாடியிழையில் ஏற்றியது. டெஃப்லான் பலகைகளில் துளைச் சுவரில் செப்பு பிடிக்கத் தனிச் சிகிச்சை வேண்டும். இதற்கு அது தேவையில்லை, எஃப்ஆர்-4 செய்யும் பட்டறையிலேயே செய்துவிடலாம். அதன் உண்மையான பலம் டிகேயின் மாறாத தன்மையில் இருக்கிறது. ஆன்டெனாவும் வடிகட்டியும் ராடார் முனையும் வடிவமைப்பவர்களுக்கு டிகே 0.05 மாறினாலே அதிர்வெண் நகர்ந்துவிடும். அவர்களுக்கு அந்த விலை நியாயமானது. உங்கள் இணைப்பில் பெறும் முனையின் ஈக்வலைசர் (சிக்னலைச் சீர்செய்யும் சுற்று) அந்தச் சிறு மாற்றத்தைச் சரிக்கட்டிவிடும். மேல் அடுக்கில் மட்டும் ரோஜர்ஸ், உள்ளே எஃப்ஆர்-4 என்று கலந்து செய்வதும் ரேடியோ பலகைகளில் வழக்கம்தான். ஆனால் உங்கள் வேக டிரேஸ்கள் உள்லேயர்களில் ஓடுகின்றன. மேலடுக்கில் காசைக் கொட்டி என்ன பயன்?

தரவுத்தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர்ஓ4350பி க்கு டிகே 3.48 என்று முதலில் கண்ணில் படும். அதே தாளில் வடிவமைப்புக்கு 3.66 ஐப் பயன்படுத்துமாறு இன்னொரு வரி இருக்கும். முதல் எண் ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில் வந்தது. எந்தப் பொருளானாலும், எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு பிசின் விகிதத்தில் அளந்தது என்று பார்க்காமல் எண்ணை எடுத்து உருவகக் கணிப்பில் போடாதீர்கள்.

பொருளுக்கு முன்பே செய்ய வேண்டியவை

உங்கள் ஸ்டாக்கப்பில் (லேயர்களின் அடுக்கு வரிசையில்) வேக டிரேஸ்கள் 3 ஆம் லேயரில் ஓடுகின்றன. மேலிருந்து இறங்கும் வயா 3 ஆம் லேயரில் சிக்னலைக் கொடுத்துவிட்டு, மீதி 2 மில்லிமீட்டர் வெறும் வாலாகக் கீழே தொங்குகிறது. கால் அலைநீளக் கணக்கில் இந்த வால் 18 ஜிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்ள வேண்டும். வயாவைச் சுற்றியுள்ள தட்டுகளின் மின்தேக்கத்தால் நடைமுறையில் அதைவிடக் கீழேயே வந்துவிடும். அதன் நிழல் 8 ஜிகாஹெர்ட்ஸ் வரை நீளும். அந்த டிரேஸ்களை 10 ஆம் லேயருக்கு இறக்குங்கள். வால் மிகச் சிறியதாகிவிடும், செலவு ஒரு பைசா இல்லை. அது முடியாதபோதுதான் பின்துளையிடல், அதாவது அந்த வாலைத் துளையிட்டு நீக்குவது.

அடுத்தது செப்பு. 8 ஜிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பிலிருந்து முக்கால் மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. சாதாரண ஃபாயிலில் பிசினைப் பற்றிக்கொள்வதற்காக விடப்பட்ட பற்களின் உயரமோ பல மைக்ரான். மின்னோட்டம் மலையேறி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சொரசொரப்புக் குறைந்த ஆர்டிஎஃப் அல்லது விஎல்பி வகை ஃபாயில் என்று குறிப்பில் எழுதுங்கள். அதோடு, உள்லேயர்களை ஒட்டுவதற்கு முன் தயாரிப்பாளர் செப்பின் மேல் செய்யும் ஆக்சைடு சிகிச்சையும் அதைச் சொரசொரப்பாக்கும். வழவழப்பான ஃபாயிலுக்குக் காசு கொடுத்துவிட்டு, பட்டறையில் அதை அமிலத்தில் அரிக்கவிட்டால் கொடுத்த காசு வீண். என்ன சிகிச்சை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

போர்டைப் பேனலில் (போர்டுகளை வெட்டியெடுக்கும் பெரிய தகட்டில்) 10 டிகிரி சாய்த்து வைக்கச் சொல்வது மூடநம்பிக்கையா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நெசவு தெரிந்த ஊரில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. லேமினேட்டுக்குள் இருப்பது ஒரு துணி. பாவு நூலும் ஊடை நூலும் கண்ணாடி இழைக் கற்றைகள், இடைவெளிகளில் பிசின். கண்ணாடியின் டிகே 6 க்கு மேல், பிசினுடையது 3 அளவில். 1080 என்ற வகைத் துணியில் ஒரு இன்ச்சுக்கு ஒரு திசையில் 60 கற்றைகளும் மறு திசையில் 47 கற்றைகளும் உள்ளன; அதாவது கற்றைக்குக் கற்றை 0.42, 0.54 மில்லிமீட்டர். ஒரே சிக்னலை எதிரெதிராகக் கொண்டுசெல்லும் உங்கள் டிஃபரென்ஷியல் ஜோடியின் இரு கம்பிகளுக்கு (டிரேஸ்களுக்கு) இடையே மையத்துக்கு மையம் 11 மில், அதாவது 0.28 மில்லிமீட்டர். அது 0.54 இல் ஏறத்தாழச் சரிபாதி. ஆகவே ஒரு கம்பி கற்றையின் மேலேயே 10 இன்ச் தூரமும் ஓட, மற்றது இடைவெளியிலேயே ஓடும் வாய்ப்பு மிக நன்றாக அமைந்துவிட்டது. இரண்டுக்கும் உணரும் டிகே 0.1 மட்டுமே வேறுபட்டாலும் இன்ச்சுக்கு 2 பிக்கோ வினாடி, 10 இன்ச்சில் 20 பிக்கோ வினாடி விலகல். உங்கள் ஒரு பிட்டின் அகலம் 62.5 பிக்கோ வினாடிதான்.

இந்தக் குறைபாடு எந்தப் பலகையில் வரும், எதில் வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. துணி பேனலில் எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகையில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. மென்பொருளையும் கடிகாரத்தையும் பற்றவைப்பையும் சந்தேகித்துவிட்டுக் கடைசியில்தான் துணிக்கு வந்தேன். 10 டிகிரி சாய்த்தால் ஒவ்வொரு 3 மில்லிமீட்டருக்கும் கம்பி ஒரு கற்றையைக் கடந்துவிடும், இரண்டு கம்பிகளும் சராசரியில் ஒன்றாகிவிடும். ஆனால் பேனலில் இடம் வீணாகும். அதைவிட, இழைகளைத் தட்டையாக விரித்து நெய்த 1067, 1078, 3313 போன்ற துணி வகைகளை வேக லேயர்களை அடுத்த கோருக்கும் (கெட்டியான உள்தகடு) பிரிப்ரெக்குக்கும் (லேயர்களை ஒட்டும் பிசின் தோய்த்த துணி) கேட்பது நல்லது. 7628 போன்ற தடித்த துணி அந்த லேயர்களை ஒட்டி வரவே கூடாது.

நினைவகத்தையும் ஒளியிழை இணைப்பையும் பற்றிக் கவலை வேண்டாம். 10 ஜிகாபிட்டுக்கு அதிர்வெண் 5 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும், உங்கள் தூரமோ 2 இன்ச். எந்தப் பொருளிலும் ஓடும்.

தயாரிப்பாளர் மீது உரிமை கோரலாமா?

நான் வழக்கறிஞர் அல்லன். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு வழக்கறிஞர் ஒருவர்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். பொறியாளராக என் கருத்து, உங்கள் கோரிக்கை நிற்காது என்பதே. 1930 ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, விவரிப்பின்படி விற்கப்படும் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. நீங்கள் விவரித்தது எஃப்ஆர்-4, டிஜி 170 அல்லது அதற்கு இணையானது. அவர் கொடுத்தது எஃப்ஆர்-4, டிஜி 170. எஃப்ஆர்-4 என்பது தீப்பற்றுதலைத் தாங்கும் கண்ணாடியிழை எபாக்ஸி என்னும் ஒரு வகுப்பின் பெயர். அந்தப் பெயருக்குள் டிஎஃப் இரட்டிப்பாக வேறுபடும் எத்தனையோ பொருள்கள் அடங்கும். “இணையானது” என்ற சொல்லால் தேர்வை முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். அன்றைக்குக் கிடங்கில் இருந்ததை அவர் போட்டார். ஏமாற்றினார் என்று எழுதி அனுப்பினால் நல்ல உறவு ஒன்று முறியும், வேறு பலன் இராது.

ஆனால் தகவலைக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. இரண்டு லாட்டுக்கும் லேமினேட் எந்த நிறுவனத்தினுடையது, எந்த வகை, பிரிப்ரெக் துணி எது என்று கேட்டு, இணக்கச் சான்றிதழை எழுத்தில் பெறுங்கள். ஓடாத பலகை ஒன்றையும் முதல் லாட்டுப் பலகை ஒன்றையும் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். துணியும் தடிமனும் செப்புப் பற்களும் நேரடியாகத் தெரிந்துவிடும். நான் மேலே போட்ட கணக்கு மெய்யா பொய்யா என்பதும் அங்கே தெரியும்.

அடுத்த லாட்டின் வரைபடத்தில் குறிப்பை இப்படி எழுதுங்கள்: ஏற்கத்தக்க பொருள்கள் இரண்டோ மூன்றோ, பெயரோடு, வேக லேயர்களை அடுத்த துணி வகை, ஃபாயில் வகை, எழுத்து மூல ஒப்புதலின்றி மாற்றம் கூடாது என்ற வரி. இம்பிடன்ஸ் கூப்பனோடு (அளவீட்டுக்காகப் பேனலில் வைக்கும் சோதனைத் துண்டு) இழப்புக் கூப்பனும் வேண்டும் என்று சேருங்கள். இரண்டு நீளங்களில் டிரேஸ் வைத்து அளக்கும் டெல்டா-எல் முறை இதற்குப் போதுமானது. 8 ஜிகாஹெர்ட்ஸில் இன்ச்சுக்கு 0.95 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று எண்ணாலேயே எழுதுங்கள். இந்த எண்ணை எழுதிய பிறகு ஒரு லாட் தவறினால், அப்போது உங்களுக்கு உரிமை கோர இடம் உண்டு. பெயரைத் தேர்ந்தெடுக்கும் முன் தயாரிப்பாளரின் பொறியாளரிடம் பேசி, அவர் கிடங்கில் எப்போதும் வைத்திருக்கும் நடுத்தர இழப்புப் பொருள் எது என்று கேளுங்கள். தரவுத்தாளில் சிறந்த பொருளைக் காட்டிலும் அவர் வாரந்தோறும் அழுத்திப் பழகிய பொருளே உங்களுக்கு ஒரேமாதிரியான பலகைகளைத் தரும்.

தவறு உங்களுடையதா என்ற கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறேன். குறிப்பை எழுதியது நீங்கள். ஆகவே அதில் உங்கள் பங்கு உண்டு. இழப்புக் கணக்கு இல்லாமலேயே வடிவமைப்பை ஒப்புதல் செய்தவர்களுக்கும், பத்துப் பலகைகள் ஓடியதைக் கண்டு மிச்சம் எவ்வளவு என்று அளக்காமல் நாற்பதுக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்கும் அதே அளவு பங்கு உண்டு. மேலாளரிடம் மன்னிப்புக் கடிதம் கொடுக்காதீர்கள். மேலே உள்ள கணக்கை உங்கள் எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று பொருள்களின் இழப்பையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

கையில் இருக்கும் நாற்பது பலகைகளைத் தூக்கிப் போட வேண்டாம். 8 ஜிகாபிட்டில் எட்டுத் தடங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிகாபைட் கொண்டுசெல்லும். உங்கள் வாடிக்கையாளரின் தேவை 5 ஜிகாபைட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பயாஸில் (பலகையின் தொடக்க மென்பொருளில்) இணைப்பைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்துக்கு, அதாவது 8 ஜிகாபிட்டுக்கு, பூட்டிவிடுங்கள். அந்த வேகத்தில் அதிர்வெண் 4 ஜிகாஹெர்ட்ஸ், இதே பலகையின் இழப்பு வயாவையும் சேர்த்து 8 டெசிபலைச் சுற்றித்தான் இருக்கும். 60 டிகிரி அடுப்பில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பிழை எண்ணிக்கையைப் பதிவுசெய்யுங்கள். பிறகு, வேகம் குறைக்கப்பட்டிருப்பதையும் காரணத்தையும் வாடிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, அவர் ஒப்புதலை எழுத்திலேயே பெற்ற பின் அனுப்புங்கள். ஒளிக்காமல் சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். முழு வேகம் கட்டாயம் வேண்டுமென்று சொல்பவர்களுக்கு மட்டும், 10 ஆம் லேயருக்கு இறக்கிய புதிய வடிவத்தில், நடுத்தர இழப்புப் பொருளில், முதலில் ஐந்து பலகைகள் செய்து அளந்து பாருங்கள்.